ஹிராபூர் யோகினி கோயில்: கூரையில்லாத சந்நிதி

புவனேஸ்வரம் போகிறவர்கள் லிங்கராஜர் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் ஹிராபூர் இருக்கிறது. வயலும் குளமும் சூழ்ந்த அந்தச் சிற்றூரில், யோகினிகள் எனப்படும் தாந்திரிகப் பெண் தெய்வங்களுக்கான அறுபத்து நான்கு யோகினி கோயில் உள்ளது. அது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். 1953இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

விமானம் இல்லை, கூரையும் இல்லை. ஆள் உயரத்தைச் சற்றே மிஞ்சும் வட்டச் சுவர், அவ்வளவுதான். கோபுரம் பார்த்தே வளர்ந்த நமக்கு இது முதலில் திகைப்பைத் தரும். குறுகலான வாசலில் குனிந்து நுழைந்தால், சுவரின் உட்புற மாடங்களில் கரும்பச்சைக் கல்லில் யோகினிகள். ஒவ்வொருத்திக்கும் தனி வாகனம், தனிக் கொண்டை, தனி நிலை. ஒருத்திக்கு யானை முகம். பலருக்குக் கைகள் உடைந்திருக்கின்றன. அப்படியும் இடுப்பின் ஒசிவும் மேகலையின் மணிகளும் துலக்கமாகத் தெரிகின்றன. இரண்டடி உயரச் சிலையில் இவ்வளவு உயிரா என்று வியந்து நின்றேன்.

அவசரப்பட்டு வெளிச்சுவரை விட்டுவிடாதீர்கள். அங்கே வெட்டுண்ட தலைகள் மீது துர்க்கையின் வடிவங்களான ஒன்பது காத்யாயினிகள் நிற்கிறார்கள்.

யோகினிகளில் முதன்மையானவளான மகாமாயாவுக்குச் சிவப்புத் துணி சாத்தி இன்றும் பூசை நடக்கிறது. துணி சிற்பத்தை மறைக்கிறதே என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வழிபாடு நிற்காத கோயில் என்பதே இதன் பெருமை. காலையில் போங்கள். கூரை இல்லாததால் நண்பகலில் கல் தளம் சுடும்.