பழைய டீசல் காருக்கு எந்த ஃப்ளைவீல்: டூயல் மாஸா, சிங்கிள் மாஸா?

ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) எகிறுகிறது, வண்டியோ அதே வேகத்தில் போகிறது. பெரும்பாலும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என் 2004 ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ டீசல் கார் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும் முன்பே கருகல் வாடையும் வந்துவிட்டது. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

என் வண்டியில் இருந்தது டூயல் மாஸ். இரண்டு கனமான தட்டுகள், நடுவே கிரீஸில் ஊறிய வளைந்த ஸ்பிரிங்குகள். சிங்கிள் மாஸ் என்பது ஸ்பிரிங் இல்லாத ஒரே தட்டு. நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு வெடிப்பு. அந்த உதறல் கியர்பாக்ஸுக்குப் போகாமல் இந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன.

கியர்பாக்ஸை இறக்கியதும் மெக்கானிக், "அண்ணா, கையை வச்சுப் பாருங்க" என்றார். வெளித்தட்டைத் திருப்பினால் ஸ்பிரிங் பிடிக்காமலே கொஞ்ச தூரம் சும்மா ஓடியது. முன்னும் பின்னும் சாய்த்தால் லொடலொடவென்று ஆடியது. ஓரத்தில் கசிந்த கிரீஸ் கறுப்பாகக் காய்ந்திருந்தது. கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அதற்குப் பார்ட் நம்பர்வாரியாக அளவு உண்டு. கிரீஸே வெளியே வந்துவிட்டால் அளக்கவே தேவையில்லை.

லேத்தில் கொடுத்து, கிளட்ச் பிளேட் உரசும் முகத்தைச் சீவி அதையே திரும்பப் போடலாமா? மாருதி 800 போன்ற சிங்கிள் மாஸ் வண்டிக்குத் தாராளமாகச் செய்யலாம். டூயல் மாஸில் முகம் பளபளப்பாகும், உள்ளே செத்த ஸ்பிரிங் உயிர் பெறாது. ஆறு மாதத்தில் மறுபடி கியர்பாக்ஸை இறக்கினால் கூலி இரண்டு மடங்கு. பழைய சாமான் கடை டூயல் மாஸும் அப்படித்தான். இன்னொரு வண்டியில் உழைத்து ஓய்ந்ததைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஆக, நிஜமான போட்டி புது டூயல் மாஸுக்கும் அதற்குப் பதிலாகப் போடும் சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலும் கிளட்ச்சும் சேர்ந்த மாற்று கிட்டுக்கும்தான். கிட் விலை குறைவு, உள்ளே தேய ஸ்பிரிங் கிடையாது, அடுத்த முறை லேத்தில் சீவிக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிரிங் வேலை முழுவதும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் வந்து உட்காருகிறது. அங்கே இடம் சின்னது, அவ்வளவு உதறலையும் வாங்காது. நியூட்ரலில் கடகட சத்தம் கேட்கலாம், 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுத்தால் தரை அதிரும். கிட் வாங்குகிறவர்கள் முழு செட்டாகவே வாங்குங்கள். டூயல் மாஸுக்கான, நடுவில் ஸ்பிரிங் இல்லாத கிளட்ச் பிளேட்டைச் சிங்கிள் மாஸோடு ஜோடி சேர்த்தால் அத்தனை அடியும் கியர்பாக்ஸ் தலையில் விழும்.

லோடு ஏற்றி நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்குக் கிட் போதும் என்பேன். நான் ஓட்டுவது பெரும்பாலும் ஊருக்குள், இரண்டாவது கியரில் ஊர்ந்து. கியர்பாக்ஸுக்கும் இருபது வயதாகிறது. அதனால் கூடுதல் பணம் போட்டுப் புது டூயல் மாஸையே எடுத்தேன். எடை குறைத்த ரேஸ் ஃப்ளைவீலை நினைத்தே பார்க்கவில்லை. மேட்டில் கிளட்சை விடும்போது எஞ்சின் அணைந்துபோகும்.

எதைப் போட்டாலும் ஃப்ளைவீல் போல்ட் புதிதாகவே இருக்கட்டும். முறுக்கும்போது நீளும் வகை அது, இந்த எஞ்சினுக்கு 60 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரி திருப்பு. கிராங்கின் பின் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதில் ஒரு சொட்டு கசிந்தாலும் புது பிளேட் வழுக்கும்.