ஒன்பீட் இசை முகாம்: பறை, நாகஸ்வரம் எடுத்துப் போகிறவர்கள் பார்வையில்

பல நாட்டு இளம் கலைஞர்களை ஒரே இடத்தில் தங்க வைத்து, சேர்ந்து புதுசாக இசையமைக்க வைத்து, பிறகு ஊர் ஊராக வாசிக்க அழைத்துப் போகும் திட்டம் ஒன்பீட். அமெரிக்க வெளியுறவுத் துறை ஆதரவில் ஃபவுண்ட் சவுண்ட் நேஷன் என்ற இசை அமைப்பு 2012-இல் தொடங்கியது. கலந்துகொள்பவர்களுக்கு வயது 19 முதல் 35. இந்த அமைப்பு முறைக்குத் தாராளமாக முழு மதிப்பெண் தரலாம். ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்துக் கலைஞர்கள் இப்படிப்பட்ட முகாமுக்குத் தயாராக வேண்டியது கருவி விஷயத்தில்தான்.

பறைக்குத்தான் சிக்கல் அதிகம். தோல் இறுக, ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச முடியாது, தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் வட்டமாக ஆட்டுங்கள். ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் விளிம்பில் விட்டுப்போகும். மைக்கை அரை மீட்டர் தள்ளிச் சாய்வாக வையுங்கள். நேராக, நெருக்கி வைத்தால் ஒலி உடையும். உடுக்கைக்கு இந்தப் பாடு இல்லை, கயிற்றை அழுத்தினால் போதும்.

நாகஸ்வரம் 2½ கட்டை (டி ஷார்ப் சுருதி) என்றால் கிதார்காரர் முதல் கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, டி வடிவத்தில் வாசிக்கட்டும், சுருதி சேர்ந்துவிடும். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு தொங்கும் ஊசி தந்தமாக இருந்தால் கட்டாயம் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சுங்கத்தில் பறிமுதல் ஆகும்.

அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் பற்றிய கொங்கு நாட்டுக் கதைப்பாடல்) பாடுகிறவர்கள் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. இரவெல்லாம் பாடும் கதையை நாலு நிமிடத்துக்குள் திணித்தால் உடுக்கையின் நடை கெட்டுவிடும்.