கூட்டு வாழ்வுக்கு அழைக்கிறார்களா? காணி யார் பேரில் என்று முதலில் கேளுங்கள்

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை அறையும் பஸ்ஸும் ஒபிஸுமாகக் கழியும் வாழ்க்கையைவிட நல்லதொரு வாழ்க்கை இருக்கவேண்டும் என்று நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்படி நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. அந்த நினைப்பை வைத்துக் காசு பார்க்கிற ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக உழைக்கும் கூட்டுப் பண்ணை என்று சொல்லி, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வார இறுதிகளில் ‘அறிமுகச் சந்திப்பு’ வைத்து ஆள் சேர்க்கிறார்கள். நானும் என்னோடு போனவர்களும் அவர்களிடம் காசைக் கொடுத்து, கூலியில்லாமல் உழைத்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம்.

2022 ஏப்ரலில், ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லிக் காலிமுகத்திடலில் நடந்த போராட்டத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்பின் தெரியாதவர்கள் சமைத்துப் போட்டார்கள். கூடாரத்துக்குள் நூலகம் நடந்தது. நீ சிங்களமா தமிழா என்று கேட்காமல் பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார்கள். ஜூலை 22 அதிகாலையில் படையினர் வந்து அதைக் கலைத்த பிறகு, அங்கே கண்டதை வேறெங்காவது தொடர முடியாதா என்ற ஏக்கம் பலருக்கு இருந்தது. இவர்கள் அந்த ஏக்கத்தைத் தேடித்தான் வருகிறார்கள்.

தலைவரை எல்லோரும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடவேண்டும். நன்றாகப் பேசுவார். 1910இல் ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பக்கத்தில் காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றிச் சொல்வார். சிறை போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், அவர்களில் தமிழர்களும், ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாகத் தோட்டம் செய்ததைச் சொல்வார். அடுத்து வவுனியாவுக்கு வருவார். எழுபதுகளில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களைக் காந்தியம் அமைப்பு குடியமர்த்தியது, அதை நடத்திய டொக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டது எல்லாவற்றையும் குரல் தழுதழுக்கச் சொல்வார். சந்திப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். உயிரைக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளிடம் காசு பறிப்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றி அவர் ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். அந்த 1,100 ஏக்கரும் காந்தியின் நண்பர் ஹெர்மன் கல்லன்பாக் என்பவருடையது. அவர் அதை வாடகையில்லாமல் பாவிக்கக் கொடுத்தார். நிலம் யாருடையது என்பதில் அங்கே ஒளிவுமறைவு இருக்கவில்லை.

எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு. அவிசாவளைப் பக்கம், களனிவெளி ரயில் பாதைக்குக் கிட்ட, பழைய றப்பர்க் காணி ஒன்று. “காணி எங்கட எல்லாருடையதும்” என்றார்கள். சேருகிறவர் மூன்றரை லட்சம் ரூபா ‘பங்கு’ கட்டவேண்டும். விலகினால் திரும்பக் கிடைக்கும். எழுத்தில் ஏதாவது தரமுடியுமா என்று ஒரு தம்பி கேட்டபோது, அண்ணா சிரித்துக்கொண்டே அவன் தோளில் கை போட்டார். “குடும்பத்துக்குள்ள யாரும் கடுதாசி எழுதுறதே தம்பி? காசு எங்க போகப்போகுது?” அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பற்றுச்சீட்டு தந்தார்கள். அதில் அச்சடித்திருந்தது நன்கொடை என்று. அப்போது அதை ஒரு வழக்கமான படிவம் என்றார்கள். நாங்கள் காசைத் திருப்பிக் கேட்டபோது அதே சீட்டைத்தான் எங்கள் முன்னால் நீட்டினார்கள்.

வாய்ப்பேச்சில் காணியில் பங்கு வராது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரம் இல்லாவிட்டால் காணி கைமாறாது. எத்தனை பேர் முன்னிலையில் ‘எங்கட காணி’ என்று சொன்னாலும் அதற்குச் சட்டத்தில் பெறுமதி கிடையாது.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்த முதல் கிழமையே தேசிய அடையாள அட்டையை வாங்கிவிடுவார்கள். கிராம சேவகரிடமும் பொலிஸிலும் பதியவேண்டும், புது இடத்தில் தமிழ் ஆட்கள் தங்குகிறார்கள், பிரச்சினை வரக்கூடாது என்பது காரணம். இந்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, நள்ளிரவில் கதவு தட்டல் எல்லாம் பார்த்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் அட்டை திரும்பி வராது. கேட்டால் ‘அலுவலகத்தில் இருக்கிறது’. அட்டை கையில் இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை தனியாக பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகத் தயங்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி, அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்த பிறகும், அட்டைக்காக நாட்கணக்கில் காத்துக்கொண்டிருந்தாள். உங்கள் மூல அடையாள அட்டையை வாங்கி வைத்திருக்க எந்தப் பண்ணைக்கும், எந்த விடுதிக்கும் உரிமை இல்லை. பிரதியைக் கொடுங்கள். அட்டையைக் கொடுக்காதீர்கள்.

வேலை விடியமுன் தொடங்கும். தோட்டத்தில் விளைந்தது கொஞ்சம்தான். றப்பர் வெட்டிய மண்ணில் அவ்வளவு சீக்கிரம் மரக்கறி வராது. ஆனால் கொழும்பு வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொரு கிழமையும் ‘இயற்கை விவசாய’ மரக்கறிப் பெட்டி போகவேண்டும். அதனால் லொறி இரவில் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போய் மூட்டைகளோடு வரும். நாங்கள் கழுவி, தரம் பிரித்து, பண்ணையின் பெயர் போட்ட பைகளில் அடைப்போம். அந்தப் பெட்டிகளை நம்பி இரட்டை விலை கொடுத்து வாங்கும் கொழும்பு அம்மாமாருக்கும் இது தெரியவேண்டும்.

சம்பளம் கிடையாது. ‘நீங்கள் ஊழியர்கள் இல்லை, உறுப்பினர்கள்’ என்றார்கள். ஊழியர் என்றால் முதலாளி உங்கள் சம்பளத்தில் 12 வீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்கும், 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் கட்டவேண்டும். எங்களுக்கு அதுவும் இல்லை, வருமானத்தில் பங்கும் இல்லை, கணக்கு பார்க்கும் உரிமையும் இல்லை. கணக்குக் கேட்ட ஓர் அக்காவை மாலைக் கூட்டத்தில் நடுவில் இருத்தி, அவருடைய ‘அகங்காரத்தை’ப் பற்றி ஒவ்வொருவரையும் பேச வைத்தார்கள். படித்த, நிதானமான மனுஷி. அன்றிரவு சாப்பிடவில்லை.

அவர்தான் பிறகு எல்லாவற்றையும் தோண்டியெடுத்தவர். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பண்ணையின் பெயரைத் தேடினார். கூட்டுறவு என்று சொல்லப்பட்டது, அண்ணாவும் அவர் மனைவியும் மட்டும் பணிப்பாளர்களாக இருக்கும் தனியார் கம்பனி. உண்மையான கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிந்திருக்கும், ஆளுக்கு ஒரு வாக்கு இருக்கும். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் உரிமை விவரம் பதிந்த ஏட்டைத் தேடியபோது காணி கம்பனியின் பேரில்கூட இல்லை. அண்ணாவின் சகோதரியின் பேரில் இருந்தது. பதிவகத்தில் யாரும் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். உறுதி இலக்கமோ ஏட்டு இலக்கமோ இருந்தால் போதும். அந்த இலக்கத்தைத் தர மறுக்கிறவரிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

கூட்டு வாழ்வே ஏமாற்று என்று யாரும் முடிவுகட்டிவிடக்கூடாது. நேர்மையாக நடக்கிற இடங்கள் உலகத்தில் இருக்கின்றன, அவற்றின் விதிகள் வெளிப்படையாக இருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் நிலம் தனி ஆளுடையது இல்லை. 1988இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஓர் அறநிறுவனத்தின் பேரில் இருக்கிறது. உள்ளே எத்தனை சண்டை நடந்தாலும் அவை ஊரறிய நடக்கின்றன. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1967இலிருந்து இயங்கும் ட்வின் ஓக்ஸில் முதலில் மூன்று கிழமை விருந்தாளியாக இருந்து பார்க்கவேண்டும், பிறகு ஆறு மாதம் தற்காலிக உறுப்பினர். ஏற்கெனவே கையில் இருக்கும் சேமிப்பை அவர்கள் எழுதி வாங்குவதில்லை. இங்கே மொறட்டுவையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வோதய அமைப்பு 1958இலிருந்து சிரமதானம், அதாவது கூலியில்லாமல் கூடிச் செய்யும் பொதுவேலை, செய்கிறது. சேர்ந்து உழைக்க ஆசையென்றால் மூன்றரை லட்சம் கொடுக்காமலேயே மண்வெட்டி பிடிக்கலாம்.

நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். காசுக் கொடுக்கல்வாங்கல் என்று சொல்லி, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். அழைப்பு அனுப்பியும் அண்ணா வரவில்லை. அதனால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. வழக்குப் போட அது தேவை, ஆகவே அலைச்சல் என்று யாரும் அந்தப் படியை விட்டுவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களில் சிலர் அப்படித்தான் போனோம். வங்கியில் காசு போட்ட சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். ‘விலகினால் காசு திரும்பக் கிடைக்கும்’ என்று அவரே அனுப்பிய ஒரு குரல் பதிவு எங்களில் ஒருவரிடம் இருந்தது. நன்கொடை என்று அச்சடித்த சீட்டுக்கு எதிராக இப்போது எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான்.

அடுத்த அறிமுகச் சந்திப்பு பம்பலப்பிட்டியில் நடக்கப்போவதாகக் கேள்விப்படுகிறோம். போகிறவர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து கேளுங்கள்: காணி யார் பேரில், உறுதி இலக்கம் என்ன, விலகுகிறவருக்குக் காசு எத்தனை நாளில் திரும்பும், கடந்த வருடக் கணக்கு எங்கே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றால் போகாதீர்கள். அங்கேயே, எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கச்சியையும் அதுவரை காசு கட்டவிடாதீர்கள்.