செல் நெரிசலுக்கு எது சரி: பழைய சூத்திரமா, பேண்டிட்டா, டீப் க்யூவா?

மொபைல் டவர் சேவை தரும் ஒரு பகுதிதான் செல்; அதில் பயனர்கள் குவிந்தால் நெரிசல். 5ஜியில் சப்கேரியர் (தரவைச் சுமக்கும் சிறு அலை) இடைவெளி 30 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஸ்லாட், அதாவது பங்கிட்டுத் தரும் நேரத் துண்டு, 0.5 மில்லிசெகண்ட்தான். அந்த ஸ்லாட் யாருக்கு என்பதை ஷெட்யூலர் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். இங்கே ப்ரொபோர்ஷனல் ஃபேர் என்ற பழைய சூத்திரத்தை அசைப்பது கடினம். அது ஒருவருக்கு இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை அவரது இதுவரையிலான சராசரியால் வகுக்கிறது. விடை யாருக்குப் பெரிதோ அவருக்கே ஸ்லாட். டவர் அருகில் இருப்பவருக்கு இப்போது 40 எம்பிபிஎஸ், சராசரி 30. ஓரத்தில் இருப்பவருக்கு 4, சராசரி 2. ஓரத்துக்காரர்தான் ஜெயிப்பார். ஒரே ஒரு வகுத்தல், பயிற்சியே தேவையில்லை. இந்த இடத்தில் நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டுவருவது பெரும்பாலும் வீண் செலவு என்பேன்.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்குப் பக்கத்து செல் காலியாகக் கிடப்பது தெரியாது. அதைக் கவனிப்பது ஹேண்டோவர் ஆஃப்செட், அதாவது எவ்வளவு சிக்னல் வித்தியாசத்தில் பயனர் பக்கத்து செல்லுக்கு மாறலாம் என்ற அளவு. அதைச் சில டெசிபல் நகர்த்தினால் ஓரத்துப் பயனர்கள் பக்கத்து செல்லுக்கு மாறுவார்கள். அளவு மீறினால் இங்கும் அங்கும் பந்தாடப்படுவார்கள். இந்த முடிவுக்கு அவசரம் இல்லை, நிமிடக்கணக்கில் எடுக்கலாம். செய்து பார்த்து, கிடைக்கும் பலனிலிருந்து கற்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்குக்கு உரிய இடம் இதுதான்.

அதிலும் முதலில் பேண்டிட் என்ற எளிய முறை. நாலைந்து ஆஃப்செட் மதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு, நல்ல பலன் தருவதில் நிலைக்கும். குறைந்த தரவு போதும், ஏன் இப்படிச் செய்தது என்று விளக்கவும் எளிது. ஆனால் இன்று எடுத்த முடிவு நாளைய நிலைமையை மாற்றும் என்பது அதன் கணக்கில் கிடையாது. பயனர்களைத் தள்ளிவிட்ட பக்கத்து செல் சிறிது நேரத்தில் நிரம்பிவிட்டால் ஏமாந்துபோகும்.

க்யூ-லேர்னிங் அந்தப் பின்விளைவையும் கணக்கில் எடுத்து, எந்த நிலைமையில் எந்த முடிவு எவ்வளவு நல்லது என்று அட்டவணை போடும். நிலைமைகள் பெருகி அட்டவணை தாங்காதபோது, அதன் இடத்தில் நியூரல் நெட்வொர்க்கை வைக்கும் டீப் க்யூ நெட்வொர்க். 2015-இல் அது அட்டாரி கேம்களில் பெயர் வாங்கியது. கேமில் எத்தனை முறை தோற்றாலும் பரவாயில்லை. நிஜ நெட்வொர்க்கில் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் யாரோ ஒருவரின் கால் கட் ஆகும். எனவே சிமுலேட்டரில் பயிற்சி, ஆஃப்செட்டுக்கு இறுக்கமான வரம்பு, சொதப்பினால் பழைய மதிப்புக்குத் திரும்பும் வழி, மூன்றும் வேண்டும்.

அப்புறம் ரிவார்ட், அதாவது முடிவெடுத்துக் கற்கும் நிரலுக்கு (ஏஜென்ட்) ஒவ்வொரு முடிவுக்கும் தரும் மதிப்பெண். மொத்த வேகத்தையே ரிவார்டாக வைத்தால் ஏஜென்ட் ஓரத்துப் பயனர்களைப் பட்டினி போடும். ஒவ்வொருவரின் சராசரி வேகத்துக்கும் லாகரிதம் எடுத்துக் கூட்டினால் அது சரியாகும். வேடிக்கை என்னவென்றால், ப்ரொபோர்ஷனல் ஃபேர் இத்தனை காலமாகக் கூட்ட முயல்வதும் அதே தொகையைத்தான்.

என் தேர்வு: ஸ்லாட்டுக்குப் பழைய சூத்திரம், பக்கத்து செல்கள் குறைவாக உள்ள செல்லின் ஆஃப்செட்டுக்கு பேண்டிட், நெருக்கமான செல் கூட்டத்துக்கு மட்டும் டீப் க்யூ. அதையும் கூட்டம் முழுவதற்கும் ஒரே ஏஜென்ட்டாகத்தான் வைப்பேன். செல்லுக்கு ஒன்று வைத்தால், இது தள்ளியதை அது திருப்பித் தள்ளும்.