பிக் பாஸ் தமிழ்: குறும்படமும் ஃப்ரீஸ் வாரமும்

விஜய் தொலைக்காட்சியில் 2017 ஜூன் மாதம் தொடங்கிய பிக் பாஸ் தமிழை, அடுத்த வீட்டுச் சண்டையை எட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். அவர்கள் சொல்வதை மெய்யாக்கும் வாரங்கள் ஒவ்வொரு சீசனிலும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும், பிறரோடு சேர்ந்து வாழ்வது எப்படி, வாழ்க்கையில் எதை முன்னால் வைப்பது என்ற இரண்டு கேள்விகளையும் தமிழில் இவ்வளவு நேரடியாக எழுப்பிய இன்னொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. யார் டைட்டிலுக்குத் தகுதியானவர் என்ற வாதத்துக்குள் போகாமல், உள்ளே போகிறவர்களுக்கு அந்த வீடு என்ன செய்கிறது என்பதை மட்டும் வைத்து இதை மதிப்பிடுகிறேன்.

1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய பிக் பிரதர்தான் இதன் மூலம். போட்டியாளர்கள் நூறு நாள் அளவுக்கு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்; வழியில் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட, கடைசியில் ஒருவர் டைட்டிலை வெல்கிறார். செல்போன், கடிகாரம், செய்தித்தாள் எதுவும் கிடையாது. பகலில் கண்ணயர்ந்தால் நாய் குரைக்கும் சத்தம் எழுப்பிவிடும். வெளியே மேடைக்கு மேடை மாலை வாங்கியவர்கள் உள்ளே குக்கிங் டீம், வெசல் வாஷிங் டீம், பாத்ரூம் கிளீனிங் டீம் என்று பிரிந்து வேலை செய்கிறார்கள். ஆரம்ப வாரச் சண்டைகளில் பெரும்பகுதி சமையலறையில் மூள்வது தற்செயலானது அல்ல. யார் எவ்வளவு சாப்பிட்டார், யார் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனார் என்பதில் ஒருவரோடு ஒருவர் பேசத் தெரியாதவர்கள், பெரிய விஷயங்களிலும் அப்படியே தடுமாறுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சி தமிழுக்குக் கொடுத்த மிக முக்கியமான உத்தி குறும்படம். நடந்ததை ஒருவர் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லும்போது, வார இறுதியில் தொகுப்பாளர் பதிவான காட்சியையே அத்தனை பேர் முன்னிலையிலும் போட்டுக் காட்டுகிறார். முதல் சீசனில் சக போட்டியாளர் ஓவியாவுடனான ஒரு மோதலைப் பற்றி ஜூலி சொன்னதற்கும் நடந்ததற்கும் இருந்த வேறுபாட்டை, அப்போதைய தொகுப்பாளர் கமல்ஹாசன் அப்படித்தான் காட்டினார். நாம் கோபத்தில் பேசியது எப்படி ஒலித்தது, அப்போது நம் முகம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அன்றாட வாழ்க்கையில் நமக்குக் கிடைப்பதில்லை. மனைவி சொன்னால் மறுப்போம், நண்பன் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். திரையில் ஓடும் காட்சியை யாராலும் மறுக்க முடியாது. கமல் பெரும்பாலும் காட்சியைப் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். ஏசுவதைவிட அந்த இடைவெளிதான் உறைத்தது என்பது என் கருத்து.

சீக்ரெட் ரூம் இதற்கு நேர்மாறான சோதனை. மூன்றாவது சீசனில் இயக்குநர் சேரன் வெளியேற்றப்பட்டதாக வீட்டினர் நம்பியிருக்க, அவர் இரகசிய அறையில் அமர்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேசிய விருது பெற்ற இயக்குநர், தன்னைவிட மிகவும் இளையவர்களோடு போட்டியில் ஓடியும் உருண்டும், அவர்களில் சிலருக்கு ‘சேரப்பா’வாகவும் இருந்தவர். நாம் இல்லாதபோது நம்மை எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை பேர் சட்டென்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அதே மனிதர்களோடு திரும்பவும் போய் உட்கார்வது எளிதான காரியம் அல்ல.

நான் ஒருநாளும் தவறவிடாதது ஃப்ரீஸ் வாரம். ‘ஃப்ரீஸ்’ என்ற குரல் கேட்டதும் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்க வேண்டும். கையில் கரண்டியோடு நிற்பவர், சோபாவில் சாய்ந்தபடியே இருப்பவர், பாதி வார்த்தையில் வாய் திறந்திருப்பவர் என எல்லோரும் சிலையாக இருக்கும்போது வாசல் கதவு திறந்து, யாரோ ஒருவரின் அம்மா உள்ளே வருகிறார். அசையக் கூடாது என்பதால் அந்த மகனின் கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிகிறது, அம்மா கன்னத்தைத் தடவி, “ஏன்டா இப்படி இளைச்சிட்ட?” என்கிற வகையில்தான் பேச்சைத் தொடங்குகிறார். நாமினேஷன் (வெளியேற்றத்துக்குச் சக போட்டியாளர் பெயரைச் சொல்வது), கேப்டன் பதவி, ஸ்ட்ராடஜி என்று அதுவரை உயிர்மூச்சாக இருந்தவை அந்த நிமிடத்தில் காணாமல் போகின்றன. மூன்றாவது சீசனில் இலங்கையைச் சேர்ந்த லாஸ்லியா, வெளிநாட்டில் வேலை பார்த்த தந்தையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில்தான் சந்தித்தார். அந்தச் சந்திப்பு பாசத்தோடு நிற்கவில்லை. மகள் அங்கே நடந்துகொண்ட விதம் குறித்த தன் வருத்தத்தையும் தந்தை மறைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை ஊரறிய ஒளிபரப்பலாமா என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வேலையால் பிரிந்திருக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தங்களை அதில் கண்டிருக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

பணப்பெட்டியும் இதே வகையில் பயனுள்ளது. இறுதிக்கட்டத்தில் ஒரு தொகையை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்ற வாய்ப்பை ஏற்று மூன்றாவது சீசனில் கவின் 5 லட்சம் ரூபாயுடனும், ஐந்தாவது சீசனில் சிபி 12 லட்சத்துடனும், ஏழாவது சீசனில் பூர்ணிமா 16 லட்சத்துடனும் புறப்பட்டார்கள். பட்டமா, கைக்கு எட்டும் பணமா என்பதைக் கூட்டிக் கழித்து முடிவெடுத்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது தவறு. தனக்கு எது தேவை என்று தெரிந்து எழுந்து போவதற்கும் தெளிவு வேண்டும். எட்டாவது சீசனில் இதையே, வெளியே ஓடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் வீடு திரும்பும் போட்டியாக மாற்றினார்கள். வாரந்தோறும் நாமினேஷனைத் தாண்டி வந்த ஜாக்குலின், நேரத்துக்குள் திரும்ப முடியாமல் வெளியேற நேர்ந்தது. முன்பு யோசித்து எடுத்த முடிவு இப்போது கால் வேகத்தைச் சோதிக்கும் ஆட்டமாகிவிட்டது. இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் கிடைத்த பாடம் உள்ளே இருக்கும்போதே பலிப்பதில்லை என்பதை 2022இல் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் வந்த பிக் பாஸ் அல்டிமேட் காட்டியது. பெரும்பாலும் பழைய போட்டியாளர்களை மீண்டும் அழைத்து, 24 மணி நேரமும் ஒளிபரப்பினார்கள். முதல் சீசனில் கடும் வெறுப்பைச் சம்பாதித்த ஜூலி, ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்ப வந்து, ஒரு சச்சரவில் எப்போது பேசுவது, எப்போது விலகுவது என்று நிதானித்துப் பழகியதைப் பார்க்க முடிந்தது. நான்காவது சீசனில் கோபக்காரர் என்று பெயரெடுத்து இரண்டாம் இடத்தோடு போன பாலாஜி முருகதாஸ், இங்கே டைட்டிலை வென்றார். அவரிடம் கோபம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கோபப்பட்ட பிறகு அதைச் சரிசெய்யும் முயற்சி கூடியிருந்தது. என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் மிகவும் நேர்மையானது இந்தச் சீசன்தான்.

குறைகள் சிறியவை அல்ல. ஒரு நாள் முழுவதையும் ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது சமாதானம் வெட்டுப்பட்டு சண்டை மட்டும் மிஞ்சுகிறது. புரொமோக்கள் அதையும் இன்னும் சூடாக்குகின்றன. ஆறாவது சீசனிலிருந்து வழக்கமான சீசன்களுக்கும் 24 மணி நேர ஒளிபரப்பு வந்ததால், சண்டைக்குப் பிறகு அதே இருவர் சேர்ந்து துணி மடிப்பதையும் பார்க்க முடிகிறது. எட்டாவது சீசனில் தொகுப்பாளராகப் பொறுப்பேற்ற விஜய் சேதுபதி நேரடியாகக் கேள்வி கேட்கிறார், சுற்றி வளைத்துப் பேசுபவர்களை நடுவிலேயே நிறுத்துகிறார். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தாலும், ஒருவர் தன் தவறைத் தானே கண்டுகொள்ள விடுவதற்கான பொறுமை குறைந்துவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பார்வையாளர்களாகிய நம்மிடம் இருக்கிறது. ஆர்மி என்ற பெயரில் இணையத்தில் ரசிகர் கூட்டமாகச் சேர்ந்து, ஒருவர் வெளியே வந்து செல்போனைத் திறக்கும் நேரத்தில் மாதக்கணக்கான வசைகள் அவருக்காகக் காத்திருக்கும்படி செய்கிறோம். இந்த வீட்டுக்குள் போனவர் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அவர் மாறுவதற்கு ஒரு மாத அவகாசம்கூடக் கொடுப்பதில்லை.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மூன்றாவது சீசனின் ஃப்ரீஸ் வாரத்தை முதலில் பாருங்கள். பிறகு முதல் சீசனின் வார இறுதிகளையும், அதைத் தொடர்ந்து அல்டிமேட்டையும் பார்த்தால் ஒரே மனிதரின் இரண்டு பருவங்கள் அடுத்தடுத்துக் கிடைக்கும். நடப்பு சீசனைத் தொடர்கிறவர்கள் புரொமோவைத் தவிர்த்துவிட்டு, சண்டை நடந்த நாளின் மறுநாள் காலையை நேரலையில் பாருங்கள்.