மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோனதும் "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவலாம்" என்பவர்களிடம் எச்சரிக்கை

பராமரிப்பு ஒப்பந்தத்தின் பேரில் எங்கள் அலுவலக மென்பொருளைக் கவனித்துவந்த ஒரு நிறுவனம், தோல்வியடைந்த புதுப்பிப்பைச் சரிசெய்வதாகக் கூறி எங்கள் கோப்புகளை அழித்ததோடு, அவற்றை மீட்டுத்தரத் தனிக் கட்டணமும் கேட்டது. இத்தகைய ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் அறிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

அந்த மென்பொருள் எங்கள் சர்வரில் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' என்ற கருவியின் களஞ்சியமாகவே (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் கோப்புறையாகவே) நிறுவப்பட்டிருந்தது. புதிய பதிப்பை இழுத்தபின் (அந்நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து பதிவிறக்கி இணைத்தபின்), தரவுத்தளத்தை மாற்றும் கட்டத்தில் புதுப்பிப்பு நின்றது. தொலைவிலிருந்து இணைந்த பொறியாளர், எந்தக் கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் 'ஸ்டேட்டஸ்', 'டிஃப்' எதையும் பார்க்காமல், நிலையாகப் பதிவுசெய்யாத திருத்தங்களை அழித்துவிடும் 'ரிசெட் ஹார்டு' கட்டளையைக் கொடுத்தார். அடுத்து, கிட் கண்காணிக்காத கோப்புகளோடு புறக்கணிப்புப் பட்டியலில் உள்ளவற்றையும் துடைத்துவிடும் வகையில் 'கிளீன்' கட்டளையை இயக்கினார். நாங்கள் திருத்தியிருந்த அச்சுப் படிவங்கள் முதலாவதில் போயின. இணைப்பு அமைப்புகள் அடங்கிய கோப்பு இரண்டாவதில் போயிற்று.

மறுநாள் வந்த விளக்கம்தான் வியப்பளித்தது: நாங்கள் படிவங்களைத் திருத்தியதால் புதுப்பிப்பு முறிந்தது என்றும், கோப்புகள் ஏற்கெனவே சேதமடைந்திருந்தன என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் திருத்தம் புதிய பதிப்போடு மோதியிருந்தால், உள்ளூர் மாற்றங்கள் மேலெழுதப்படும் என்று சொல்லி, இழுக்கும் கட்டத்திலேயே கிட் மறுத்திருக்கும். ஆனால் இழுத்தது தடையின்றி முடிந்திருந்தது. கிட் கிளையன்ட்டில் இரு பதிப்புகளையும் ஒப்பிட்டபோது, தரவுத்தள மாற்றத்துக்கான நிரல் ஒரு கோப்பை அழைப்பதும், அந்தக் கோப்பு வெளியீட்டிலேயே இல்லாததும் தெரிந்தது. களஞ்சியத்தை மீண்டும் 'ஃபெட்ச்' செய்தபோது (அவர்களின் புதிய மாற்றங்களைப் பதிவிறக்கியபோது), விடுபட்ட அதே கோப்பைச் சேர்க்கும் கமிட் (நிலையாகப் பதிவுசெய்த மாற்றம்) ஒன்று வந்து சேர்ந்தது. அதைச் செய்தவர்களும் அவர்களே.

அழித்ததற்கும் சான்று இருந்தது. ரிசெட் நடந்த நேரம், களஞ்சியத்தின் நிலை எப்போது எப்படி நகர்ந்தது என்று கிட் குறித்துவைக்கும் 'ரீஃப்லாக்' பதிவில் அப்படியே நின்றது. 'கிளீன்' அங்கே எந்தத் தடயமும் விடுவதில்லை; சர்வரின் கட்டளை வரலாறு இருந்ததால் அதுவும் பிடிபட்டது. இதற்குப் பிறகுதான் கோப்புறையை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாகக் 'குளோன்' செய்யலாம் (களஞ்சியத்தை முழுவதும் மறுபடி நகலெடுக்கலாம்) என்ற யோசனையை அவர்கள் முன்வைத்தார்கள். ரீஃப்லாக் அந்தக் கணினியில் மட்டுமே இருப்பது, புதிய குளோனுக்கு வராது என்பதை அறிந்தே சொன்னார்களா என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். மறைந்திருக்கும் கிட் கோப்புறை உட்பட அனைத்தையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்தபின்பே மேற்கொண்டு பேசினோம்.

படிவங்களை நாங்களே மீட்டோம். கமிட் செய்யக் கூடாதென்பது அந்நிறுவனம் விதித்த நிபந்தனையாக இருந்தாலும், அவற்றை 'ஆட்' செய்திருந்ததால் (கமிட்டுக்கு முந்தைய படியாகக் கிட்டில் சேர்த்திருந்ததால்) உள்ளடக்கம் கிட் உள்ளே சேமித்துவைக்கும் பொருள்களாகத் தங்கியிருந்தது. களஞ்சியத்தைச் சோதிக்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளை அவற்றைக் காட்டியது. பெயர்கள் இல்லாததால் ஒவ்வொன்றாகத் திறந்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது. இவ்வாறு எதோடும் இணையாமல் தொங்கி நிற்கும் பொருள்களை, இயல்பு அமைப்பில் 2 வாரங்கள் கடந்தபின் கிட்டின் துப்புரவுப் பணி நீக்கிவிடும் என்பதால் தாமதிக்க முடியாது. ஒருபோதும் 'ஆட்' செய்யப்படாத அமைப்புக் கோப்பு மட்டும் கிடைக்கவேயில்லை; அதை மீண்டும் எழுதினோம்.

சான்றுகளை அனுப்பியதும் மீட்புக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். ஆனால் தவறு தங்களுடையது என்று எழுத்தில் தர இன்றுவரை மறுக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் மட்டும் தவறாமல் வந்துவிட்டது.