எல்ராத்தியாவா, அசாஃபிஸ்கஸா? முள்ளை நம்பாதீர்கள், வாலைப் பாருங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெல்ட்டா என்ற ஊருக்கு மேற்கே ஹவுஸ் ரேஞ்ச் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே வீலர் ஷேல் எனப்படும் களிப்பாறை அடுக்குகளைச் சுத்தியலால் பிளக்க வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அரிது. கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடும் சுரங்கம்கூட உண்டு. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியன் காலக் கடலில் வாழ்ந்த டிரைலோபைட்டுகளின் புதைபடிவங்கள் அங்கே அவ்வளவு மலிவு. டிரைலோபைட் என்பது ஓடும் கணுக்கணுவான உடலும் கொண்ட, அழிந்துபோன கடல் விலங்கு. கிடைத்ததற்குப் பெயர் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

போட்டி முக்கியமாக இரண்டு இனங்களுக்கு இடையில்: எல்ராத்தியா கிங்கி, அசாஃபிஸ்கஸ் வீலரி. இரண்டையும் அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் ஒருவரே, அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஃபீல்டிங் மீக். முன்னதை 1870இல், பின்னதை 1873இல். எல்ராத்தியாவின் தலைக்கவசத்தின் இரு பின்மூலைகளிலும் குட்டையான கன்னமுள் இருக்கும். அசாஃபிஸ்கஸுக்கு அந்த மூலைகள் வளைந்து மழுங்கியிருக்கும். புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் அடையாளம் இது. என் கணக்கில் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

காரணம் எளிது. பாம்பு சட்டை உரிப்பதுபோல டிரைலோபைட்டும் வளர வளர ஓட்டைக் கழற்றும். அப்போது தலையின் இரு பக்கக் கன்னத் தகடுகளும் தனியே பிரியும். முள் இருப்பதே அந்தத் தகட்டில்தான். ஆகவே உரித்துப்போட்ட எல்ராத்தியா ஓடு பெரும்பாலும் முள்ளில்லாமல்தான் கையில் வரும். தலை ஒடுங்கி, மூலைகள் மொட்டையாகத் தெரியும். அதை உடனே அசாஃபிஸ்கஸ் என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அரியது கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குத் துணைபோகிறது.

வால்கவசம் இப்படி ஏமாற்றாது. எல்ராத்தியாவின் வால் சிறியது: அகலம் அதிகம், நீளம் குறைவு, தலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி. அசாஃபிஸ்கஸின் வாலோ தலைக்குச் சமமாக நிற்கும் அளவு பெரியது. அதைச் சுற்றி அகலமான, வழுவழுப்பான விளிம்பு ஓடும். மொத்த உருவத்திலும் இது தெரியும். எல்ராத்தியா முன்பக்கம் அகன்று பின்னால் குறுகிவரும். அசாஃபிஸ்கஸ் இரு முனைகளும் ஒத்த நீள்வட்டம். வால் தெளிவாக இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை.

அடுத்த சாட்சி, தலைக்கும் வாலுக்கும் நடுவே உள்ள மார்புக் கணுக்கள். வளர்ந்த எல்ராத்தியாவில் பெரும்பாலும் 13 இருக்கும். அசாஃபிஸ்கஸில் 7 முதல் 11 வரை. சாய்வாக வெளிச்சம் அடித்து, உடலின் நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் நடுமடலின் வழியே ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். ஒன்றிரண்டு கணுக்கள் தலைக்கு அடியில் ஒளிந்திருக்கலாம் என்பதால் எண்ணிக்கையை வாலோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

சிறியவை தனிக்கதை. ஒரு சென்டிமீட்டர் அளவில் கிடைப்பதையெல்லாம் எல்ராத்தியாக் குஞ்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது போலாஸ்பிடெல்லா என்ற வேறொரு சிறிய டிரைலோபைட்டாக இருக்கலாம்; அதில் கணுக்கள் 15 வரை போகும். டிரைலோபைட் வளரும்போதுதான் கணுக்கள் கூடுகின்றன. குஞ்சுக்குத் தாயைவிட அதிகம் இருக்க வழியில்லை. தலையும் வாலும் ஒன்றுபோல இருந்து, நடுவே இரண்டே கணுக்கள் என்றால் அது பெரனாப்சிஸ். கண்ணே இல்லாத வகை அது. அதில் குழம்ப ஒன்றுமில்லை.

வாலும் உடைந்து, கன்னமும் போய், தலையின் நடுப்பகுதி மட்டும் எஞ்சினால்? தலையின் நடுவே புடைத்திருக்கும் நெற்றிமேட்டின் பக்கங்களில் பள்ளக்கோடுகள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். எல்ராத்தியாவில் அவை ஓரளவு தெரியும், அசாஃபிஸ்கஸில் மங்கிக் கிடக்கும். தேய்ந்த ஓட்டில் இதை வைத்து நான் பந்தயம் கட்டமாட்டேன். அங்கே கைகொடுப்பது சுற்றுப்புறம். ஆக்சிஜன் குறைந்த கடலடியின் விளிம்பில், மற்ற விலங்குகள் தயங்கிய இடத்தில், எல்ராத்தியா கூட்டமாக வாழ்ந்தது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே பாறைப் பலகையில் எல்ராத்தியாக்கள் மட்டும் நெருக்கமாகக் கிடந்தால், ஐயத்துக்குரிய துண்டும் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடிப்பக்கம் கால்சைட் என்ற கனிமம் தடிப்பாகப் படிவதால் இவை பாறையிலிருந்து முழுசாகக் கழன்றும் வரும். அப்படிக் கழன்றதை வாங்கும்போது இந்தச் சாட்சியம் தொலைந்துபோகிறது.

அதனால் புதைபடிவத்தோடு வைக்கும் பெயர்ச்சீட்டில் இனப்பெயருக்கு முன்னால் இடத்தையும் அடுக்கையும் எழுதுங்கள். வீலர் ஷேலுக்கு மேலே மார்ஜம் அடுக்கு இருக்கிறது. அங்கே நீண்ட கன்னமுள் கொண்ட மோடோசியா என்ற டிரைலோபைட் போட்டிக்கு வரும். பெயரில் உறுதி இல்லாவிட்டால் 'எல்ராத்தியா?' என்று கேள்விக்குறியோடு விட்டுவிடலாம். அருங்காட்சியகச் சீட்டுகளிலும் அந்தக் குறியைப் பார்க்கலாம்.